ராத்திரி இரண்டு மணி மாவு

செல்லூர் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். நிறுத்து வைத்த கார்ன்ஃப்ளார் மாவை டம்ளரில் கொட்டி, பச்சைத் தண்ணீரில் கரைத்து அம்மா எடுத்து வருவாள். கண்ணைத் திறக்காமலே குடிப்பேன். பல்லில் பட்டால் சுண்ணாம்பு மாதிரி நறநறக்கும். அடியில் தங்கியதையும் அலசிக் குடித்தால்தான் விடுவாள். சுடுதண்ணீர் கூடாது. வெந்துவிட்டால் மாவு சீக்கிரம் செரித்து, விடிவதற்குள் சர்க்கரை இறங்கிவிடும்.

எனக்கு இருப்பது கிளைகோஜன் சேமிப்பு நோய், 1ஏ வகை. சாப்பிட்டதை ஈரல் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கும், ஆனால் பசிக்கும்போது குளுக்கோஸாக வெளியே விடாது. அதற்கு வேண்டிய நொதி எனக்கு இல்லை. பச்சை மாவு மெல்ல மெல்லச் செரித்து ரத்தத்தில் சர்க்கரையைக் காக்கும் என்பதை மருத்துவர்கள் 1984இல்தான் எழுதினார்கள். அதற்கு முன்னால் பிறந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பிசைகிறது.

கைக்குழந்தையாக இருந்தபோது வயிறு பானை மாதிரி இருக்கும், கன்னம் உப்பியிருக்கும். கொழுகொழு பிள்ளை என்றார்கள். காலையில் வெட்டு வலிப்பு வந்தது. ஒரு டாக்டர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். நோயின் பெயர் தெரிய ஒன்றரை வருஷம் ஆனது. அம்மா கட்டியது தாய்மாமனை. பழுதான மரபணு இருவரிடமும் ஒவ்வொன்று இருந்திருக்கிறது. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தம்பி தப்பித்தான். ஆனால் சொந்தக்காரர்கள் பழி சொன்னதெல்லாம் அம்மாவை மட்டும்தான். அது அநியாயம்.

ஒன்பது வயதில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனோம். அம்மா கையில் இரண்டு சொம்பு. ஒன்றில் அழகருக்குச் சர்க்கரை, வாழை இலையால் மூடி மேலே சூடம். இன்னொன்றில் எனக்குத் தண்ணீர், மாவுப் பொட்டலம் இடுப்பில். ஆறு மணிக்கு அந்த நெரிசலிலேயே கரைத்தாள். பக்கத்தில் நின்ற பாட்டி, "பாலா தாயி?" என்றார்.

"மருந்து அப்பத்தா."

அப்புறம் சூடம் காட்டிய சர்க்கரையை ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தார்கள். நானும் கை நீட்டினேன். சர்க்கரை, பழம், பால் எதுவும் எனக்கு ஆகாது. அவற்றில் உள்ள ஃப்ரக்டோஸ், காலக்டோஸ் என்ற சர்க்கரை வகைகள் ஈரலில் போய் மாட்டிக்கொள்ளும். என் உள்ளங்கையில் விழுந்ததை அம்மா வழித்து எடுத்தாள். தன் பங்கையும் வாயில் போடவில்லை. இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வாசலில் எறும்புப் புற்றுப் பக்கம் தூவினாள்.