பி.காம்ல இருந்து சைபர் செக்யூரிட்டிக்கு: முதல் டெர்ம் நாட்குறிப்பு

செப்டம்பர் 30, திங்கள்

இங்கிலாந்துல ஷெஃபீல்டுல இப்பவே குளிருது. இன்னைக்கு முதல் கிளாஸ். வேற சப்ஜெக்ட் படிச்சவங்களுக்குன்னே நடத்துற எம்.எஸ்சி, இங்க கன்வர்ஷன் கோர்ஸ்ங்கிறாங்க. ஒரு வருஷம், 180 கிரெடிட், அதுல 60 கோடைல எழுதப்போற டிசர்டேஷனுக்கு. பக்கத்துல உக்காந்த பொண்ணு நர்ஸிங் படிச்சவ, அந்தப் பக்கம் ஒருத்தர் ஹிஸ்டரி, இன்னொருத்தர் லா. நான் பி.காம், விருதுநகர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல மூணு வருஷம் டேலில என்ட்ரி போட்டவ. மனசு திக்திக்னு இருக்கு.

அக்டோபர் 8, செவ்வாய்

சப்நெட், அதாவது ஒரு பெரிய நெட்வொர்க்க சின்னச் சின்னதா பிரிக்கிறது. ரெண்டு நாளா மண்டைல ஏறல, இன்னைக்கு ஏறுச்சு. /26னா ஐபி அட்ரஸோட (நெட்வொர்க்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இருக்கிற நம்பர்) 32 பிட்ல 26 நெட்வொர்க்குக்குப் போயிரும், மிச்சம் 6, அப்ப 64 அட்ரஸ், முதலும் கடைசியும் கழிச்சா 62. இங்க வரணும்னு நினைக்கிறவங்க ஊர்லயே லினக்ஸ் கமாண்டும் நெட்வொர்க்கிங்கும் கொஞ்சம் பழகிட்டு வாங்க, அது இல்லாம முதல் மாசம் ரொம்ப கஷ்டம்.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்னைக்கு லேப்ப மறக்கவே முடியாது. ரெண்டு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்), ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு டெல்நெட்ங்கிற பழைய முறைல லாகின் பண்ணணும், நடுவுல போற டேட்டாவ புடிச்சுக் காட்டுற வயர்ஷார்க் ஓடுது. அதுல ஃபாலோ டிசிபி ஸ்ட்ரீம்ங்கிற ஆப்ஷன குடுத்ததும் நான் அடிச்சது அப்படியே வந்து நிக்குது. யூசர்நேம்ல ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு தடவ இருக்கு, சிவப்புல ஒண்ணு நீலத்துல ஒண்ணு, ஏன்னா சர்வர் அத திருப்பி அனுப்புது. பாஸ்வேர்ட மட்டும் திருப்பி அனுப்பாது, அதனால அது சிவப்புல ஒரே தடவ, எந்த மறைப்பும் இல்லாம, யார் வேணா படிக்கலாம். அடுத்து அதையே, எல்லாத்தையும் சங்கேதமா மாத்தி அனுப்புற எஸ்எஸ்ஹெச்ல பண்ணோம், ஆரம்பத்துல ரெண்டு மெஷினும் வெர்ஷனும் அல்காரிதம் பேரும் சொல்லிக்கிற வரிங்க தவிர ஒண்ணும் புரியாத குப்பை. என்கிரிப்ஷன்னா என்னன்னு புக்ல நாலு தடவ படிச்சிருந்தேன், இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அம்மா வீடியோ கால்ல முறுக்கு காட்டுனாங்க. அப்பா பட்டாசு சத்தத்துக்கு நடுவுலயும் கல்லாவ எண்ணிட்டிருந்தாரு, பத்து ரூபா இடிச்சாலும் எங்கன்னு தெரியாம கடைய பூட்ட மாட்டாரு.

அதனாலயோ என்னவோ லெக்சர்ல கேட்ட கிளிஃப் ஸ்டோல் கதை மனசவிட்டுப் போகல. அவர் வானியல் படிச்சவர். 1986ல கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி லேப்ல கம்ப்யூட்டர் பக்கம் மாத்திவிட்டாங்க. கம்ப்யூட்டர் உபயோகிச்சதுக்கான கணக்குல 75 சென்ட் இடிக்குது, ஏன்னு பாருன்னாங்க. சில்லறைதானேன்னு விடாம தோண்டிட்டே போனாரு, கடைசில ஜெர்மனில ஹானோவர்ல இருந்து ஒருத்தன் உள்ள நுழைஞ்சு தகவல சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு வித்துட்டிருந்தது வெளிய வந்துச்சு.

நவம்பர் 14, வியாழன்

செமினார்ல முதல் தடவையா நான் பேசுனேன். 2016 பிப்ரவரில பங்களாதேஷ் பேங்க்ல, அதாவது அந்த நாட்டு மத்திய வங்கில, ஹேக்கர்ஸ் நடத்துன திருட்டு பத்தி. நியூயார்க் ஃபெட்ல (அமெரிக்க மத்திய வங்கியோட நியூயார்க் பிரிவு) இருந்த அந்த பேங்க்கோட கணக்குல இருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலர் எடுக்கப் பாத்தாங்க, 8 கோடியே 10 லட்சம் மணிலா போயிருச்சு. இலங்கைக்குப் போன 2 கோடி, பணம் வாங்குற அமைப்போட பேர்ல ஃபவுண்டேஷன்ங்கிறத ஃபாண்டேஷன்னு எழுதுனதால மாட்டி நின்னுச்சு. எல்லாரும் மால்வேர், அதாவது அவங்க உள்ள விட்ட திருட்டு சாஃப்ட்வேர் பத்தியே பேசிட்டிருந்தாங்க. நான் லீவு நாள பாருங்கன்னேன். டாக்காவுல வெள்ளி சனி லீவு, நியூயார்க்ல சனி ஞாயிறு, மணிலாவுல திங்கள் சீனப் புத்தாண்டு. டாக்கா பேங்க்ல, போன மெசேஜ பேப்பர்ல எடுக்கிற பிரிண்டரும் வேலை செய்யல. பேலன்ஸ ஒப்பிட்டுப் பாக்க வேண்டிய ஆள் ஏதாவது ஒரு ஊர்லயாவது சீட்டுல இல்லாத நாலு நாள், அதத்தான் தேடிப் புடிச்சிருக்காங்க. சார் போர்டுல தேதிய வரிசையா எழுதச் சொன்னாரு, எழுதுறப்ப கை நடுங்குச்சு, சந்தோஷத்துல.

டிசம்பர் 3, செவ்வாய்

பைத்தான்ல முதல் உருப்படியான ஸ்கிரிப்ட். ஃபயர்வால் (நெட்வொர்க்குக்குக் காவல் நிக்கிறது) லாகையும் சர்வர் லாகையும், அதாவது எப்ப என்ன நடந்துச்சுங்கிற பதிவ, வரி வரியா ஒப்பிடணும், பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம்ம கணக்கையும் ஒப்பிடுற பேங்க் ரீகன்சிலியேஷன் மாதிரியேதான். மூணு வரி இடிச்சுது. முதல் ரெண்டும் அக்டோபர் ஆரம்பத்து வரி, ஒரு லாக் யுடிசில (உலகப் பொது நேரம்), இன்னொண்ணு இங்கத்த கோடைக்கால நேரத்துல, சரியா ஒரு மணி நேர வித்தியாசம். கண்டுபுடிக்கவே ராத்திரி பதினொண்ணு ஆயிருச்சு.

மூணாவது நவம்பர் வரி. அப்ப குளிர்காலத்துக்காக கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி மாத்தியாச்சு, நேரம் ஒத்துப்போகுது, ஆனாலும் இடிக்குது. காலைல லேப் திறந்ததும் போகணும்.