கேக்காத டீமன் எல்லாம் ஓடுதா? யார் எழுப்பினதுன்னு கண்டுபிடிச்ச அனுபவம்

எனக்காக நானே பைதான்லயும் ஜிடிகே3லயும் (விண்டோ, பட்டன் எல்லாம் வரைஞ்சு குடுக்குற லைப்ரரி) எழுதி வச்சிருக்குற நோட்ஸ் ஆப் ஒண்ணு இருக்கு. நெட் பக்கமே போகாது, டெக்ஸ்ட் ஃபைலைத் திறக்கும், எழுதும், சேவ் பண்ணும், அவ்வளவுதான். மெஷின்ல டெஸ்க்டாப்னு பெருசா எதுவும் கிடையாது, லேசான விண்டோ மேனேஜர் மட்டும் போட்ட லினக்ஸ். ஒரு நாள் எதேச்சையா பிராசஸ் லிஸ்ட்டைப் பார்த்தா, நான் கேக்காமலே பின்னணியில ஓடுற டீமன்கள்: ஜிவிஎஃப்எஸ்டி (நெட்வொர்க் ஷேர், போன் மாதிரி இடங்களை ஃபோல்டரா காட்டுறது), அதோட ஃபியூஸ், யூடிஸ்க்ஸ்2 வால்யூம் மானிட்டர் (டிரைவ்களைக் கவனிக்குறது), எம்டிபி மானிட்டர் (போனைக் கவனிக்குறது), கடைசியா ஜிஓஏ-டீமன். இந்தக் கடைசி ஆளைப் பார்த்ததும்தான் எனக்குப் பக்குன்னு ஆச்சு, ஏன்னா அது ஆன்லைன் அக்கவுன்ட்டுகளைப் பார்த்துக்குற டீமன், என் நோட்ஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆப்பைத் திறக்காம ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. ஆப்பைத் திறந்து ஃபைல் ஓபன் பட்டனை அழுத்தினதும் வரிசையா எல்லாம் வந்து நின்னுச்சு. தெரிஞ்சவங்க கிட்ட கேட்டா "அது நார்மல்தான், விட்டுடு"ன்னாங்க, இன்னொருத்தர் ஜிவிஎஃப்எஸ் பேக்கேஜையே தூக்கிடச் சொன்னார். தூக்கப் போனா ஃபைல் மேனேஜர் போன்ல இருந்து படம் எடுக்குறதும் நெட்வொர்க் ஷேரைத் திறக்குறதும் அதோட போயிடும். நார்மல்னு சொன்னது சரியாவே இருக்கட்டும், ஆனா என் மெஷின்ல எது ஏன் ஓடுதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இருக்கா இல்லையா?

நிறைய நேரம் வீணாப் போனது பேரன்ட் பிராசஸை, அதாவது இதையெல்லாம் ஸ்டார்ட் பண்ணின புரோகிராமைத் தேடினதுலதான். எதுக்குக் கீழ எது ஓடுதுன்னு காட்டுற பிஎஸ்-ட்ரீ போட்டா இதுல ஒண்ணுகூட என் ஆப்புக்குக் கீழ இல்ல. சிலதுக்கு சிஸ்டம்டி யூசர் மேனேஜர் பேரன்ட், சிலதுக்கு டிபஸ்-டீமன் (புரோகிராம்கள் ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் அனுப்பிக்குற பஸ்ஸை நடத்துறது) பேரன்ட். ஆப் கெர்னல் கிட்ட கேக்குறதையெல்லாம் காட்டுற எஸ்ட்ரேஸ் போட்டும் ஆப் எந்த புரோகிராமையும் எக்செக் பண்ணல (தானா ஸ்டார்ட் பண்ணல), என் லாகினுக்கான டிபஸ்ஸான செஷன் பஸ் சாக்கெட்டுக்குக் கனெக்ட் ஆகுறது மட்டும்தான் தெரிஞ்சுது. கில் பண்ணினா அடுத்த தடவை ஃபைல் ஓபன் அழுத்தினதும் திரும்ப வந்துடும்.

விஷயம் டிபஸ் ஆக்டிவேஷன். யூஎஸ்ஆர்/ஷேர்/டிபஸ்-1/சர்வீசஸ் ஃபோல்டர்ல ஒவ்வொரு சர்வீஸ் பேருக்கும் ஒரு குட்டி ஃபைல் இருக்கும், அந்தப் பேருக்கு யாராவது மெசேஜ் அனுப்பினா, சர்வீஸ் ஓடலைன்னா பஸ்ஸே அதை ஸ்டார்ட் பண்ணிடும், இல்ல சிஸ்டம்டி கிட்ட சொல்லி ஸ்டார்ட் பண்ண வைக்கும். அதனால ஸ்டார்ட் பண்ணினது ஒருத்தர், கேட்டது வேற ஒருத்தர், பேரன்ட் ஐடியைப் பார்த்தா கேட்டவர் யாருன்னு தெரியவே தெரியாது.

கேட்டவர் பேர் இருக்குற இடம் ஜர்னல், அதாவது சிஸ்டம்டியோட லாக். ஜர்னல்சிடிஎல் கமாண்டை யூசர் ஆப்ஷனோட, ஃபாலோ ஆப்ஷனும் சேர்த்து ஒரு டெர்மினல்ல ஓட விட்டுட்டு ஆப்பைத் திறந்தேன். "ஆக்டிவேட்டிங்"னு ஆரம்பிக்குற ஒவ்வொரு வரியோட வாலிலயும் "ரிக்வெஸ்டட் பை"னு போட்டு பஸ் நம்பர், பிஐடி (பிராசஸ் நம்பர்), கேட்ட புரோகிராமோட பேர் எல்லாம் இருக்கு! ஜிஓஏ வால்யூம் மானிட்டரைக் கேட்டது என் ஆப். ஆனா ஜிஓஏ-டீமனைக் கேட்டது என் ஆப் இல்ல, அந்த வால்யூம் மானிட்டர்! அதைப் படிச்சப்போ வந்த நிம்மதி இருக்கே, சொல்லி மாளாது. உங்க மெஷின்ல இந்த வரி வரலைன்னா பஸ்சிடிஎல் மானிட்டரை யூசர் ஆப்ஷனோட ஓட விட்டு யார் மெசேஜ் அனுப்புறாங்கன்னு பாருங்க, அதே ஆப்ஷனோட பஸ்சிடிஎல் ஸ்டேட்டஸ்ல அந்த பஸ் நம்பரைக் குடுத்தா பிஐடி கிடைச்சுடும்.

நடந்தது இதுதான்: ஜிடிகே ஃபைல் டயலாக்ல இடது பக்கம் டிரைவ் லிஸ்ட் வருதே, அதுக்காக அது வால்யூம் மானிட்டர் எல்லாத்தையும் கேக்குது, அதுல ஒண்ணு ஆன்லைன் அக்கவுன்ட் வழியா வர்ற ஸ்டோரேஜைப் பாக்குற மானிட்டர், அது தன் பங்குக்கு ஜிஓஏ-டீமனை எழுப்புது. நெட்வொர்க் கனெக்ஷன்களைக் காட்டுற எஸ்எஸ் கமாண்ட்ல பார்த்தேன், வெளிய எந்தக் கனெக்ஷனும் போகல.

நிறுத்துறதுலயும் சிக்கல் இருக்கு, கவனமா படிங்க. ஃபைல் வேலைக்கு ஜிடிகே நம்பியிருக்குற லைப்ரரி ஜிஐஓ, அதோட நடத்தையை என்விரான்மென்ட் வேரியபிள் வச்சு மாத்தலாம். ஜிஐஓ_யூஸ்_விஎஃப்எஸ் வேரியபிளை லோக்கல்னு வச்சா ஜிவிஎஃப்எஸ்டி வராது, ஆனா மானிட்டர்கள் வரும். ஜிஐஓ_யூஸ்_வால்யூம்_மானிட்டரை யூனிக்ஸ்னு வச்சா யூடிஸ்க்ஸ்2 மட்டும் நிக்கும், எம்டிபியும் ஜிஓஏவும் அப்படியே வரும். சிஸ்டம்சிடிஎல்ல மாஸ்க் பண்ணலாம் (ஸ்டார்ட்டே ஆகாம பூட்டிடலாம்), அது எல்லா ஆப்பையும் பாதிக்கும்னு நான் அந்தப் பக்கம் போகல. எனக்கு வேலைக்கு ஆனது ஜிஐஓ_மாட்யூல்_டிர் வேரியபிள்: ஒரு காலி ஃபோல்டரைக் காட்டிட்டா ஜிஐஓ மாட்யூல் (வெளிய இருந்து சேர்க்குற துண்டு) எதையும் லோட் பண்ணாது, எல்லாம் மொத்தமா நின்னுடும். இதை லாகின் ப்ரொஃபைல்ல மட்டும் போட்டுடாதீங்க, எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேணும்கிற டிஎல்எஸ் சப்போர்ட்டும் அதே மாட்யூல் ஃபோல்டர்லதான் இருக்கு, ஜிஐஓ வழியா நெட்டுக்குப் போற மத்த ஆப்ல எச்டிடிபிஎஸ் செத்துடும். அந்த ஒரு ஆப்போட டெஸ்க்டாப் ஃபைல்ல எக்செக் வரியில முன்னாடி என்வ் கமாண்டோட இந்த வேரியபிளைப் போட்டு குடுங்க, போதும்.

செட்டிங்ஸை சேவ் பண்ற டீகான்ஃப் மாட்யூலும் சேர்ந்து போயிடுறதால செட்டிங்ஸ் சேவ் ஆகாதுன்னு மெமரி பேக்எண்ட் வார்னிங் வந்துச்சு, விண்டோ சைஸ் ஒவ்வொரு தடவையும் மறந்து போச்சு. ஜிசெட்டிங்ஸ்_பேக்எண்ட் வேரியபிளை கீஃபைல்னு வச்சதும் சரியாச்சு, டாட்கான்ஃபிக்ல ஜிலிப்-2.0 ஃபோல்டருக்குள்ள சாதா டெக்ஸ்ட் ஃபைலா எழுதிக்குது. அக்சஸிபிலிட்டிக்கான ஏடி-எஸ்பிஐ பஸ் மட்டும் இன்னமும் வரும், நோ_ஏடி_பிரிட்ஜ் வச்சு நிறுத்தலாம்தான், ஆனா ஸ்கிரீன் ரீடர் யூஸ் பண்றவங்களுக்கு ஆப்பைக் குடுக்குற எண்ணம் இருந்தா அதுல கை வைக்காதீங்க, நானும் வைக்கல.