"உறுதியா?" என்று கேட்டார் தேர்வாளர்: மூளையின் ஈசிஎம் (செல்களுக்கு வெளியே உள்ள பின்னல்) புரதங்களைப் படித்த அனுபவம்

நரம்பியல் முதுநிலை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வந்த முதல் கேள்வி: "பெரிநியூரோனல் நெட்டில் உள்ள அக்ரிகனை முக்கியமாக எந்த செல் தயாரிக்கிறது?" பெரிநியூரோனல் நெட் என்பது சில நியூரான்களை (நரம்பு செல்களை)ச் சுற்றிப் போர்த்தியிருக்கும் வலை, அக்ரிகன் அதிலுள்ள ஒரு புரதம். கேள்வி முடிவதற்குள் "ஆஸ்ட்ரோசைட்" என்று சொல்லிவிட்டேன், அது நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்களில் ஒரு வகை. தேர்வாளர் திருத்தவில்லை. "உறுதியா?" என்று மட்டும் கேட்டார். வைவாவில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஒற்றைச் சொல்லின் பொருள் தெரியும்.

அக்ரிகனைப் பெரும்பாலும் தயாரிப்பது, அந்த வலையைப் போர்த்திக்கொண்டிருக்கும் நியூரானேதான். வலையின் மற்ற இழைகளில் சில கிளியாவிலிருந்து வருகின்றன. நான் மனப்பாடம் செய்த குறிப்பிலோ "கிளியா சுரக்கும் புரதங்கள்" என்ற தலைப்பின் கீழ் எல்லாப் பெயர்களும் ஒரே வரிசையில் கிடந்தன. ரீலின் கூட அதில் இருந்தது! வளரும் மூளைப் புறணியில் ரீலினைச் சுரப்பவை கஹால்-ரெட்சியஸ் செல்கள், அவை நியூரான்கள்.

அடுத்த தேர்வுக்கு அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெயரிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். யார் செய்கிறார்கள்? எந்த வயதில்? யார் வெட்டிச் சிதைக்கிறார்கள்?

அதற்கு முன் ஒரு படம் வரையப் பழகிக்கொள்ளுங்கள். செல் உயிரியல் வகுப்பிலிருந்து வரும்போது ஈசிஎம் என்றாலே கொலாஜன் நார்கள்தான் மனதில் நிற்கும். மூளைத் திசுவுக்குள் கொலாஜனும் ஃபைப்ரோநெக்டினும் மிகக் குறைவு. இரத்தக் குழாய்களைச் சுற்றியும் மூளை உறைகளிலும்தான் அவற்றுக்கு இடம். செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளி மூளைக் கன அளவில் ஏறக்குறைய 20%. அங்கே முதுகெலும்பு மாதிரி ஓடுவது ஹயலுரோனன். அது சர்க்கரைச் சங்கிலி, புரதம் அல்ல. செல்லுக்குள் உள்ள கோல்கி உறுப்பிலும் அல்ல, செல் சவ்விலேயே தயாராகிறது. அக்ரிகன், வெர்சிகன், நியூரோகன், ப்ரெவிகன் என்ற நான்கு லெக்டிகன் வகைப் புரதங்கள் ஒரு முனையால் ஹயலுரோனனைப் பிடிக்கின்றன. அந்தப் பிடியை லிங்க் புரதம் இறுக்குகிறது. மறுமுனையை டெனாசின்-ஆர் என்ற புரதம் கோத்துக்கொள்கிறது. இந்தப் படம் கையில் வந்துவிட்டால் பாதிப் பெயர்கள் தானாகவே நினைவில் நிற்கும்.

வயதுக் கேள்விக்கு ஒரு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வளரும் மூளையில் டெனாசின்-சியும் நியூரோகனும் நிறைய இருக்கும். முதிர்ந்த மூளையில் ஆஸ்ட்ரோசைட் பெரும்பங்கு தரும் ப்ரெவிகனும், இன்னொரு கிளியா செல்லான ஒலிகோடென்ட்ரோசைட் தரும் டெனாசின்-ஆரும் மேலோங்கும். காயம் பட்டால் பழைய இரண்டும் மறுபடி தலைகாட்டும்.

நான் அதிக நேரம் கொடுத்தது சினாப்ஸ் (நியூரான்கள் செய்தி பரிமாறும் இணைப்பு) பகுதிக்குத்தான். நரம்பியல் ஆய்வாளர் பென் பாரெஸின் ஆய்வகத்தில் விழித்திரை கேங்லியன் செல்கள் என்ற நியூரான்களைத் தனியாக வளர்த்தபோது சினாப்ஸ்கள் சொற்பமாகவே உருவாயின. கூடவே ஆஸ்ட்ரோசைட் இருந்தால் எண்ணிக்கை ஏழு மடங்கு வரை உயர்ந்தது. ஆஸ்ட்ரோசைட் எதைச் சுரக்கிறது? 2005இல் ஒரு பதில் கிடைத்தது: த்ராம்போஸ்பாண்டின் 1, 2 என்ற புரதங்கள். ஆனால் இவை உருவாக்கிய சினாப்ஸ்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒழுங்காகத் தெரிந்தாலும் பேசவில்லை, மறுபக்கத்தில் செய்தியைப் பெற வேலை செய்யும் ஆம்பா ஏற்பிகள் இல்லை. கட்டடம் எழுந்துவிட்டது, மின் இணைப்பு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பைக் கொடுப்பவையாக 2012இல் கிளிபிகன் 4, 6 என்ற புரதங்கள் அடையாளம் காணப்பட்டன. இடையில் 2009இல் த்ராம்போஸ்பாண்டினின் ஏற்பி ஆல்ஃபா2டெல்டா-1 என்று தெரிந்தது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் காபாபென்டின் ஒட்டிக்கொள்வதும் அதே இடத்தில்தான். மருந்தியல் தாளில் இதை ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். ஹெவின் என்ற புரதம் சினாப்ஸை வளர்க்கும், ஸ்பார்க் என்ற இன்னொன்று அந்த ஹெவினைத் தடுக்கும். இரண்டையும் ஆஸ்ட்ரோசைட்டே தருகிறது என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வெட்டுபவர்களைச் சுருக்கமாகவே படித்தேன்: லெக்டிகன்களுக்கு ஏடம்டிஎஸ்-4 நொதி, பொதுவாக எம்எம்பி-9 நொதி, துண்டுகளை விழுங்க மூளையின் துப்புரவு செல்களான மைக்ரோக்லியா.

தழும்புக் கேள்வியில் கவனம் தேவை. காயம் பட்ட இடத்தில் கிளியா செல்கள் உருவாக்கும் கிளியல் தழும்பை முழு வில்லனாக எழுதியவர்களில் நானும் ஒருவன். லெக்டிகன்களில் தொங்கும் காண்ட்ராய்டின் சல்ஃபேட் சங்கிலிகள் ஆக்ஸான் (நியூரானின் நீண்ட இழை) வளர்ச்சியைத் தடுப்பது உண்மைதான். 2002இல் அவற்றை காண்ட்ராய்டினேஸ் ஏபிசி நொதியால் கரைத்தபோது, தண்டுவடம் காயப்பட்ட எலிகளில் ஓரளவு செயல்பாடு திரும்பியது. அதே ஆண்டு இன்னொரு குழு அதே நொதியால், வளர்ந்த எலியின் பார்வைப் புறணியில் இளம் வயது நெகிழ்வையே மீட்டது. ஆனால் 2016இல் ஆஸ்ட்ரோசைட் தழும்பு உருவாகவிடாமல் செய்து பார்த்தார்கள், ஆக்ஸான்கள் வளரவில்லை. இரண்டையும் எழுதி, தடுப்பது எந்த மூலக்கூறு, தாங்குவது எந்த செல் என்று பிரித்துக் காட்டுங்கள். "தழும்பு நல்லதா கெட்டதா" என்று கேள்வியே தூண்டில் போட்டாலும் ஒரு பக்கம் சாய வேண்டாம்.

லாமினின் என்ற ஈசிஎம் புரதத்தின் வகை எண்களில் நான் நேரம் செலவிடவில்லை. இரத்தக் குழாயைச் சுற்றியுள்ள அடித்தளச் சவ்வுக்கு ஆஸ்ட்ரோசைட் லாமினின்-211 தருகிறது, அவ்வளவுதான் வைத்துக்கொண்டேன். இரத்த-மூளைத் தடையை விருப்பப் பாடமாக எடுத்திருந்தால் அது போதாது, அந்தப் பகுதியைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.