மலையில் வெட்டிய கிடாய், ஊர் வந்து சேரும் வரை

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் குலசாமி இருக்கும் குடும்பங்கள் சேலத்தில் ஏராளம். கிடாய் வெட்டி, அங்கேயே ஆக்கிச் சாப்பிடும் வரை சிக்கல் இல்லை. மீதிக் கறியைக் கூறு போட்டு ஊருக்குக் கொண்டு வரும்போதுதான் கோளாறு. அடிவாரம் வந்து பையைப் பிரித்தால் கறி பிசுபிசுவென்று, புளித்த வாடையோடு இருக்கும். வெயிலில் கெட்டுவிட்டது என்பார்கள். ஆட்டின் உடம்புச் சூடு 39 டிகிரி. அந்தச் சூடு ஆறுவதற்குள் கறியைப் பாலித்தீன் பையில் அமுக்கி முடிச்சுப் போட்டால், மார்கழிக் குளிரிலும் கெட்டுத்தான் போகும். ஆறவைத்த கறி 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி நன்றாகவே வந்து சேரும்.

வேலை முந்தின நாளே தொடங்கிவிடுகிறது. கிடாயை வெட்டும் நாள் காலையில் வண்டியில் ஏற்றி, மேலே இறக்கி, ஒற்றையடிப் பாதையில் இழுத்துப் போய் உடனே வெட்டுவது பெரிய தப்பு. ஓடிக் களைத்து மிரண்ட ஆட்டின் தசையில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். வெட்டிய பிறகு அந்தச் சத்துதான் புளிப்பாக மாறி, கறியை ஓரளவு கெடாமல் காக்கிறது. அது இல்லாத கறி கருஞ்சிவப்பாக இருக்கும், கையில் ஒட்டும், சீக்கிரம் கெடும். முந்தின நாள் மாலையே கொண்டு போய் நிழலில் கட்டிவிடுங்கள். இரவு தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். 12 மணி நேரம் வயிறு காய்ந்தால் இரைப்பை உப்பியிருக்காது, கத்தி பட்டுக் கிழியும் அபாயமும் குறையும்.

என் கணக்கில் 2 பல் கிடாய், அதாவது பால் பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்த, ஒரு வயது தாண்டிய கிடாய்தான் சரி. சேலம் கருப்பு வெள்ளாடோ மேச்சேரி செம்மறியோ, உயிரெடை 25 கிலோ என்றால் தலை, கால், தோல், குடல் போக எலும்போடு 11 முதல் 12 கிலோ கறி தேறும். எத்தனை கூறு போடலாம், எத்தனை பேர் சுமக்க வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

அரிவாளால் ஒரே வெட்டில் தலை துண்டாகும்போது பலர் கவனிக்காத ஒன்று இரைக்குழாய். பின்னங்காலைத் தூக்கித் தொங்கவிட்டதும் வயிற்றில் இருக்கும் தழை அதன் வழியாக வடிந்து கழுத்துக் கறியில் இறங்கும். மூச்சுக்குழாய் வளையம் வளையமாகக் கெட்டியாக இருக்கும். அதை ஒட்டி மெத்தென்று இருப்பதுதான் இரைக்குழாய். அதை இழுத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். ரத்தம் முழுதாக வடிய நான்கைந்து நிமிடம் விடுங்கள். பிடித்த ரத்தத்தை ஊருக்குக் கொண்டுவர நினைக்கக் கூடாது. எல்லாவற்றிலும் முதலில் கெடுவது அதுதான், அங்கேயே பொரியல் செய்துவிட வேண்டும்.

தோலைக் கத்தியால் அறுப்பதைவிட மடக்கிய கையை உள்ளே கொடுத்து உரிப்பது நல்லது. மயிர் பட்ட கை கறியில் படக்கூடாது. காய் அடிக்காத கிடாயில் வரும் முரட்டு வாடை பெரும்பாலும் தோலைத் தொட்ட கையால் கறிக்கு ஏறியது. ஒருவர் தோலைப் பிடிக்க, இன்னொருவர் கறியைத் தொட என்று பிரித்துக்கொண்டால் பாதி வாடை போய்விடும்.

வயிற்றை அரை மணி நேரத்துக்குள் திறந்துவிட வேண்டும். சூரிக்கத்தியின் கூர்ப்பக்கம் வெளியே பார்க்க, இரண்டு விரலை உள்ளே கொடுத்து வயிற்றுச் சதையைத் தூக்கிப் பிடித்தபடி கீறினால் குடல் கிழியாது. மலக்குடலைச் சுற்றி அறுத்து, அதையும் கயிற்றால் கட்டிய பிறகே இழுக்க வேண்டும். பித்தப்பையை ஈரலில் விரலகலம் சேர்த்தே அறுத்து எறியுங்கள். ஒரு சொட்டு சிந்தினாலும் ஈரல் முழுக்கக் கசக்கும். அப்படியும் குடல் கிழிந்துவிட்டால் எல்லோரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அழுக்கு அதனால் கறி முழுக்கப் பரவும். பட்ட இடத்தை மட்டும் சீவி எறிவதுதான் சரி. பொதுவாகவே ஊருக்குப் போகும் கறியைக் கழுவாதீர்கள். ஈரக் கறி வேகமாகக் கெடும், வீட்டில் போய்க் கழுவிக்கொள்ளலாம்.

ஈரலையும் நுரையீரலையும் வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கட்டி இருந்தால் அந்த உறுப்பு வேண்டாம். அதை நாய்க்கும் போடக் கூடாது. நாய் தின்றால் அதன் குடலில் புழு வளர்ந்து, அந்த முட்டை மனிதருக்கு வந்து, நம் ஈரலிலும் அதே கட்டி வரும். கழிவை 3 அடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். மேலாகப் புதைத்தால் நாயும் காட்டுப்பன்றியும் அன்றிரவே கிளறிவிடும்.

இனி ஆறவைப்பது. விருந்து அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். கறியைச் சின்னத் துண்டாகப் போடாதீர்கள். வெட்டிய பரப்பு கூடக் கூட ஈ உட்காரவும் கிருமி ஏறவும் இடம் கூடும். முன்னங்கால் இரண்டு, தொடை இரண்டு, கழுத்தோடு முதுகு, நெஞ்சோடு விலா என்று ஆறு பெரிய துண்டு போதும். முன்னங்காலுக்கும் உடம்புக்கும் எலும்புத் தொடர்பே கிடையாது, சதையை ஒட்டி அறுத்தாலே கழன்று வரும். தொடையை விரித்து மடக்கினால் இடுப்பு மூட்டின் கிண்ணம் தெரியும். கத்தி முனையை அங்கே விட்டால் போதும், அரிவாளே வேண்டாம். துண்டுகளைச் சில்வர் ஓக் மர நிழலில், காற்று வரும் பக்கம், ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிடுங்கள். 3 மணி நேரம். தொடையின் தடித்த இடத்தில் விரலை அழுத்தினால் உள்ளிருந்து வெதுவெதுப்பு வரக்கூடாது. ஈ மொய்க்காமல் இருக்கக் காடாத் துணியைத் தளர்வாகச் சுற்றலாம். மலையில் கிடைக்கும் மிளகைத் தட்டித் தடவினாலும் ஈ அண்டத் தயங்கும். இதற்குள் தலை, காலை வாட்டி, குடலைத் திருப்பிச் சுண்ணாம்பு போட்டு உரசி வேகவைத்து முடித்துவிடலாம்.

வண்டி போகும் பாதை வரை சுமக்க, ஒரு மூங்கில் கழியில் துண்டுகளை இடைவெளி விட்டுக் கட்டி இருவர் தோளில் காவிக்கொண்டு போவதே சிறந்தது. நடக்க நடக்கக் காற்றும் பட்டுக்கொண்டே இருக்கும். தலைச்சுமைதான் என்றால் சும்மாட்டின் மேல் கூடை, கூடையில் வாழையிலை. கோணிச் சாக்கில் கட்டித் தலையில் வைத்தால் அடித்துண்டு நசுங்கிச் சூடாகும்.

வண்டியில் தெர்மாகோல் பெட்டி. 10 கிலோ கறிக்கு 5 கிலோ ஐஸ். ஐஸை மட்டும் பாலித்தீனில் கட்டி, கறியின் மேலே வையுங்கள். குளிர் கீழே இறங்கும். உருகும் தண்ணீரில் கறி ஊறக்கூடாது. பைக்கில் கொண்டு வருவதாக இருந்தால் டேங்க் மேலும் சைலன்சர் பக்கமும் வேண்டாம், எஞ்சின் சூடு வளைவு வளைவாக ஏறிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரில் திணிப்பது அடுத்த தப்பு. வெட்டிய பிறகு வரும் விறைப்பு அடங்காத கறியை உறையவைத்தால் தசை சுருங்கி, எத்தனை விசில் விட்டாலும் சவ்வு மாதிரி இழுக்கும். வெட்டிய சூட்டோடு சமைத்தால் மெத்தென்று இருக்கும். அப்புறம் விறைத்துவிடும். அந்த நேரத்தில் குழம்பு வைப்பவர்கள்தான் முற்றிய ஆடு என்று குறை சொல்வார்கள். ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, பிறகு துண்டு போட்டு, வேண்டியதை உறையவையுங்கள்.

உப்புக்கண்டம் போடுவதானாலும் சேலம் வந்து போடுங்கள்; ஏற்காட்டு மூடுபனியில் காயாமல் பூஞ்சை பிடிக்கும். கொழுப்பை நீக்கி விரல் கனத்தில் நீளமாக அரிந்து, கிலோவுக்கு 60 கிராம் கல்லுப்பும் ஒரு மேசைக்கரண்டி மஞ்சளும் பிசறி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, கோத்துத் தொங்கவிட்டால் நம் மொட்டைமாடி வெயிலுக்கு நான்கைந்து நாள். வளைத்தால் ஒடிய வேண்டும். மடங்கினால் இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள்.