270 ரூபாய் எங்கே போனது?

எங்கள் துணை அஞ்சலகம் 2015-இல் சிபிஎஸ்ஸுக்கு, அதாவது எல்லா ஊர் அஞ்சலகக் கணக்குகளையும் ஒன்றாக இணைக்கும் ‘கோர் பேங்கிங்’ முறைக்கு, மாறியது. அப்போது அங்கே சப் போஸ்ட்மாஸ்டர் ஒருவர், கவுண்டரில் நானும் இன்னொரு அஞ்சல் உதவியாளரும். அஞ்சல் துறையைக் கணினிமயமாக்க 2012-இல் 4,909 கோடி ரூபாய்த் திட்டம் என்று அறிவித்திருந்தார்கள். அதில் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது சில கம்ப்யூட்டர்கள், ஒரு ஸ்கேனர், பாஸ்புக் பிரிண்டர், அப்புறம் மூன்று பேருக்கும் தூக்கம் கெட்ட சில மாதங்கள்.

கம்ப்யூட்டர் எங்களுக்குப் புதிதல்ல. கவுண்டருக்கு மேக்தூத், சேமிப்புக் கணக்குக்குச் சஞ்சய் போஸ்ட் என்று இரண்டு மென்பொருள்களை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் எங்கள் கணக்கு எங்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். பக்கத்து ஊர் அஞ்சலகத்துக்கு அது தெரியாது. ஒருவர் ஊர் மாறிப் போனால் எஸ்பி-10பி படிவம் எழுதி வாங்கி, தலைமை அஞ்சலகம் வழியாக அனுப்பி, அங்கே கணக்கு போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். சிபிஎஸ் வந்தால் எந்த ஊரிலும் பணம் போடலாம், எடுக்கலாம் என்றார்கள். சரி, நல்லதுதானே என்று நாங்களும் உற்சாகமாகத்தான் இருந்தோம்.

மாறும் நாளுக்கு முன்னால் எங்கள் தரவு முழுவதும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெயர், முகவரி, பிறந்த தேதி, கூட்டுக் கணக்கா, வாரிசு நியமனம் உண்டா, கையெழுத்து ஸ்கேன், கடைசி இருப்பு என்று ஒவ்வொரு கணக்குக்கும் பார்க்க வேண்டும். லட்சுமி என்ற பெயரில் மட்டும் எத்தனை கணக்குகள்! ஒரே அம்மா சேமிப்புக் கணக்கில் இனிஷியலை முன்னால் போட்டிருப்பார், ஆர்டியில் பின்னால் போட்டிருப்பார், மூன்றாவதில் இனிஷியலே இருக்காது. நமக்கு அவர் ஒரே அம்மா. கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். சந்தேகம் வந்தால் தபால்காரரைத்தான் கேட்போம். எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று அவர் நின்ற நிலையிலேயே சொல்லிவிடுவார்.

கவுண்டர் வேலை முடிந்த பிறகுதான் இதற்கு உட்காருவோம். லெட்ஜரை நான் வாசிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்ப்பார். எல்லாம் ஓரளவு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மொத்த இருப்பில் 270 ரூபாய் இடித்தது. லெட்ஜர் கூடுதலாகக் காட்டியது, கம்ப்யூட்டர் குறைவாகக் காட்டியது. மூன்று நாள் தேடினோம். கிடைக்கவில்லை. கையிலிருந்து 270 ரூபாயைப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அது தப்பு என்பது வேறு விஷயம். அப்படிப் போட்டாலும் அதை யாருடைய கணக்கில் வைப்பது?

அந்த வாரம் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் பென்ஷன் விஷயமாக வந்தார். லெட்ஜர் காலத்து ஆள். தொகையைக் கேட்டார்.

“ஒன்பதால வகுபடுதா பாருப்பா.”

வகுபட்டது. முப்பது வந்தது.

“அப்போ சைபர் ஒண்ணு விட்டுப் போயிருக்கும். முப்பது ரூபாய் என்ட்ரியா இருக்கான்னு தேடு, வேற எதையும் தொடாதே.”

அரை மணி நேரத்தில் அகப்பட்டது. 300 ரூபாய் வரவு, கம்ப்யூட்டரில் 30 என்று ஏறியிருந்தது. கட்டி வைத்திருந்த பழைய வவுச்சரை எடுத்துப் பார்த்தால் 300 என்று எழுத்தாலும் எண்ணாலும் தெளிவாக இருக்கிறது. உள்ளே ஏற்றிய யூசர் ஐடியைப் பார்த்தேன். என்னுடையது. பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்க எழுந்து போய்விட்டார்.

மாறிய நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கவுண்டரை மூடி வைத்தோம், மறுநாள் திறந்தோம். முதல் வாரம் வரிசை வாசல் வரை நின்றது. பழைய கணக்கு எண்ணெல்லாம் போய்ப் புதிய நீளமான எண் வந்திருந்தது. பணம் வாங்க, கொடுக்க சிடிஎம், கணக்கு விவரம் பார்க்க எச்ஏசிஎல்ஐ என்று மெனுக்களைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன். நான் ஏற்றியதை நானே சரிபார்க்க முடியாது, இன்னொரு ஐடியில் சூப்பர்வைசர் ஒப்புதல் தர வேண்டும். சப் போஸ்ட்மாஸ்டர் சாப்பிடப் போனால் வரிசை அப்படியே நிற்கும். ஒரு பாட்டி, பிரிண்டர் அடித்துக் கொடுத்த பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு சீல் குத்திக் குடு சாமி” என்று நகர மறுத்தார். குத்திக் கொடுத்தேன்.

2017 டிசம்பரில் கிளை அஞ்சலகங்களுக்கான தர்பண் திட்டம் தொடங்கி, எங்களுக்குக் கீழே இருந்த ஊர்களுக்கும் கையடக்கக் கருவி போனபோது, சிடிஎம் சீட்டு என் திரையிலிருந்து எப்போதோ உதிர்ந்திருந்தது.

மேலே பரணில் பழைய லெட்ஜர்கள் மட்டும் அப்படியே இருந்தன. மூன்று வருடம் வரவு செலவே இல்லாத கணக்கை சைலன்ட் என்போம். அப்படிப்பட்ட ஒன்றின் பாஸ்புக்கை இறந்துபோன அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். திரையில் அந்த எண்ணே இல்லை. ஏணியைப் போட்டு ஏறி, தூசி தட்டி, மஞ்சள் ஏறிய பக்கத்தைக் கண்டுபிடித்தேன். இருப்பை எழுதிக்கொண்டு இறங்கும்போது நின்று, சைபர்களை இன்னொரு தடவை எண்ணினேன்.