விண்டோஸை அழிக்காமல் உபுண்டு நிறுவிய அனுபவம்

என் மடிக்கணினியில் ஏற்கெனவே விண்டோஸ் 11 இருந்தது. அன்றாட வேலைக்கான சில மென்பொருள்கள் அதில் மட்டுமே இயங்கும் என்பதால் அதை விட்டுவிட வழியில்லை. நிரல் எழுதும் வேலைக்கோ லினக்ஸ் இயங்குதளம் தேவைப்பட்டது. விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினிபோல் இயங்கும் மெய்நிகர் இயந்திரத்தில் அதை வைத்துப் பார்த்தபோது ரேம் இரண்டுக்கும் பங்கு போய், இரண்டுமே தடுமாறின. ஆகவே விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டு 24.04ஐ நிறுவ முடிவு செய்தேன். இந்த வேலையின் பெரும்பகுதி, உபுண்டுவைத் தொடுவதற்கு முன்பே விண்டோஸுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்தால் நிறுவல் எளிது.

முதலில் முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்து, சிலவற்றைத் திறந்தும் பார்த்துக்கொண்டேன். அடுத்தது, வட்டில் உள்ளதை விசையின்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். புதிய கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலேயே வட்டு மறையாக்கம் இயக்கப்பட்டிருக்கும். கணினி துவங்கும் முறையில் மாற்றம் தெரிந்தால் அது 48 இலக்க மீட்பு விசையைக் கேட்கும்; விசை கையில் இல்லையென்றால் நம் கோப்புகளே நமக்குத் திறக்கா. அந்த விசையை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்தேன். பிறகு, அமைப்புகள் பகுதிக்குச் சென்று மறையாக்கத்தையே நிறுத்திவிட்டேன். கணினி திருடுபோனால் கோப்புகளை எவரும் படிக்கலாம் என்ற குறை இதில் உண்டு. வெளியே அதிகம் எடுத்துச் செல்லாத கணினி என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன்.

விண்டோஸின் வேகத் துவக்கத்தையும் நிறுத்துவது கட்டாயம். அது இயக்கத்தில் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. தன் மையப் பகுதியான கருவின் நிலையைக் கோப்பாகச் சேமித்துவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனில் (வட்டின் பிரிவில்) எதையாவது எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். நான் ஹைபர்னேஷன் என்னும் உறக்கநிலை வசதியையே அணைத்தேன். அதனால் வேகத் துவக்கமும் நின்றது. உறக்கநிலைக்காக ஒதுக்கப்பட்டிருந்த பெரிய கோப்பும் நீங்கியது. இந்த இரண்டாவது பலன் அடுத்த கட்டத்தில் மிகவும் உதவியது.

அந்தக் கட்டம், விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனைச் சுருக்கி இடம் ஒதுக்குவது. இதை விண்டோஸின் சொந்தக் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தன் கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்பது அதற்குத்தான் நன்றாகத் தெரியும். வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும், சுருக்கக்கூடிய அளவாக அது காட்டியது மிகச் சிறிய எண்ணைத்தான். நகர்த்த முடியாத கோப்பு ஒன்று பார்ட்டிஷனின் நடுவிலோ கடைசியிலோ இருந்தால், அதைத் தாண்டி அந்தக் கருவி சுருக்காது. ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைலையும், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரிஸ்டோரையும் தற்காலிகமாக நிறுத்தி மறுதொடக்கம் செய்தபின் எண் பல மடங்கு உயர்ந்தது. 1,02,400 எம்பி, அதாவது 100 ஜிபி எடுத்துக்கொண்டேன். உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்றாலும், கருவித்தொகுப்புகள் சேரச் சேர அது நெருக்கும். விடுபட்ட இடம் கறுப்புப் பட்டையின்கீழ் ஒதுக்கப்படாத இடமாகத் தெரியும். அதை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விட வேண்டும்.

இறக்கிய உபுண்டுவின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்பு சிதையாமல் வந்ததா என்று எஸ்எச்ஏ256 மதிப்பைக் கொண்டு சரிபார்த்தபின், ரூஃபஸ் என்னும் மென்பொருள் மூலம் அதை 8 ஜிபி பென் டிரைவில் எழுதினேன். விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்னும் துவக்க முறையில் துவங்குவதால், பென் டிரைவையும் அதே முறையில் துவக்கினேன். நிறுவாமல் இயக்கிப் பார்க்கும் வசதியில் வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்தன. ஆனால் உள் வட்டு மட்டும் தெரியவில்லை. இன்டெல் ஆர்எஸ்டி என்னும் சேமிப்பக முறையில் கணினி அமைக்கப்பட்டிருந்ததே காரணம். அதை பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஏஎச்சிஐ என்னும் பொதுவான முறைக்கு நேரடியாக மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் போகலாம். எனவே முதலில் விண்டோஸை, அடிப்படை டிரைவர்களுடன் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் துவங்கும்படி அமைத்து, பயாஸில் மாற்றத்தைச் செய்து, சேஃப் மோடில் ஒருமுறை நுழைந்து, பின் அந்த அமைப்பை நீக்கினேன். சேஃப் மோடில் புதிய டிரைவரை விண்டோஸ் தானே ஏற்றிக்கொள்கிறது.

நிறுவியில், விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தானியங்கித் தேர்வை விட்டு, நாமே பிரிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். எது எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிவதால் இதுவே பாதுகாப்பானது என்று நினைக்கிறேன். பட்டியலில் வரிசையாக 100 எம்பி அளவுள்ள ஃபேட்32 பிரிவு, மைக்ரோசாஃப்ட்டின் 16 எம்பி ஒதுக்கீடு, விண்டோஸ் இருக்கும் பெரிய என்டிஎஃப்எஸ் பிரிவு, காலி இடம், கடைசியில் மீட்புப் பிரிவு என்று இருந்தன. காலி இடத்தில் மட்டும் லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில், உபுண்டு அமரும் ரூட் பிரிவை உருவாக்கினேன். முதலில் உள்ள ஃபேட்32 பிரிவில்தான் விண்டோஸின் துவக்கி இருக்கிறது. உபுண்டுவின் துவக்கியும் அதற்குள்ளேயே தனிக் கோப்புறையில் அமர்ந்துகொள்ளும். ஆகவே அதை இணைக்க வேண்டுமே தவிர ஃபார்மட் செய்யக் கூடாது. ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு உபுண்டு ஒரு கோப்பையே பயன்படுத்துவதால் தனிப் பிரிவு தேவைப்படவில்லை. இறுதியில் வரும் உறுதிப்படுத்தும் திரையை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஃபார்மட் செய்யப்படும் பிரிவாக எக்ஸ்ட்4 மட்டுமே அதில் இருக்க வேண்டும். ஃபேட்32 அல்லது என்டிஎஃப்எஸ் பிரிவின் பெயர் அங்கே இருந்தால் உடனே பின்னால் சென்றுவிடலாம், அதுவரை வட்டில் எதுவும் எழுதப்பட்டிருக்காது.

மறுதொடக்கத்தில், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியல் வந்தது; உபுண்டு, விண்டோஸ் இரண்டும் அதில் இருந்தன. முதல் வேலையாக விண்டோஸுக்குள் சென்று, நிறுத்தி வைத்த பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரிஸ்டோரையும் மீண்டும் இயக்கினேன்.

அங்கே கடிகாரம் மட்டும் தவறான நேரத்தைக் காட்டியது. மதர்போர்டின் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தையும் வைப்பதே இதற்குக் காரணம். உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்றவும் ஒரு கட்டளை உண்டு. நான் விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற மதிப்பை 1 என்று சேர்த்து, அதையும் யுடிசிக்குக் கொண்டுவந்தேன். அதன்பின் இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன.