விடியற்கால எண்கள்

பிப்ரவரி 2
பகல் 33 டிகிரி, விடியற்காலை 17. வித்தியாசம் 16. இளைப்புக்காக அப்பா மூச்சின் வேகத்தை அளக்கும் மீட்டரில் ஊதியது: நேற்று மாலை 320, இன்று காலை 230.

பிப்ரவரி 3
டிசம்பரில் நாள் முழுக்கக் குளிர்தான், அவருக்கு இப்படி மூச்சு இளைக்கவில்லை. இப்போது மதியம் வேர்க்கிறது, போர்வையை உதறிவிட்டுத் தூங்கிப்போகிறார். நாலு மணிக்குள் குளிர் இறங்கிவிடுகிறது.

பிப்ரவரி 4
3:50. விசில் சத்தம் என் அறைவரை கேட்டது. உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி. கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. உடனே மூச்சைத் திறக்கும் இன்ஹேலரை ஸ்பேசர் குழலில் மாட்டி நாலு பஃப், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஆறு மூச்சு எண்ணினேன். "ஒண்ணும் இல்லம்மா, நீ போய்ப் படு" என்றார், பாதிப் பாதியாக.

தூக்கம் போயே போச்சு. 17 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 14, 15 கிராமுக்கு மேல் ஈரம் நிற்காது. நுரையீரலுக்குள் அது 37 டிகிரி, 44 கிராம். மீதியைக் கொடுப்பது மூச்சுப்பாதையின் ஈரம். மூக்கடைத்து வாயால் மூச்சுவிடுகிறவருக்கு உள்ளே காய்ந்து, கோழை இறுகாமல் என்ன செய்யும்? வீக்கத்தை அடக்கும் கார்டிசோல் ஹார்மோனும் ராத்திரியில் உடம்பில் குறைவு. எல்லாம் சேர்ந்து அந்த ஒரு மணி நேரத்தில்தான் வந்து நிற்கிறது.

பிப்ரவரி 5
32, 18. பதினாலு. அண்ணன் ஃபோன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 7
ஜன்னலுக்காக மறுபடி சண்டை. புழுக்கமாக இருக்கிறது, திற என்கிறார். விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, புகையையும் மேலே போகவிடாமல் பிடித்துவைக்கும். வெயில் ஏறட்டும், நானே திறக்கிறேன் அப்பா. நடையையும் ஒன்பது மணிக்கு மாற்றியாயிற்று.

பிப்ரவரி 8
தினமும் போட வேண்டிய இன்ஹேலரை இன்றுதான் திருப்பிப் பார்த்தேன். சின்னக் கட்டத்தில் மீதி 96. 120 டோஸ், பிரித்து இருபது நாள். காலை 2, இரவு 2 போட்டிருந்தால் 40தான் இருக்கும்.

"நல்லா இருக்கறப்போ எதுக்கும்மா மருந்து?"

கத்திவிட்டேன். உள்ளே வீக்கம் அடங்காமலே கிடந்திருக்கிறது, அதன்மேல்தான் ஒவ்வொரு ராத்திரியும் இந்தக் குளிர் வந்து விழுகிறது. நான் வெறும் வெயிலையும் பனியையும் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இரண்டு வேளையும் என் கையால்தான்.

பிப்ரவரி 9
90 வர வேண்டும். 92 இருந்தது. கேட்கவில்லை, காலை வேளைக்கு நான்தான் எழவில்லை.

பிப்ரவரி 11
3:40. தானாக முழிப்பு வந்தது. விசில் இல்லை. கதவோரம் நின்று அந்தக் குழியையே பார்த்தேன். உள்வாங்கவில்லை. வெளியே 16. ஆறு மணிக்கு ஊதச் சொல்லணும்.